ஜப்பானிலிருந்து ஊருக்கு எந்த பாட்டில்? சாகே, ஷோச்சு, அவாமோரி, உமேஷு

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான். "ஊருக்கு ஒரு நல்ல சாகே வாங்கிட்டு வரணும், எது வாங்கட்டும்?" ஃபுகுவோகாவில் ஏழு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் பதில் பலருக்கு முதலில் பிடிப்பதில்லை. சாகே என்ற அந்த அரிசி மதுவை அங்கேயே, அந்தக் குளிரில், அந்தச் சாப்பாட்டோடு குடித்துவிட்டு வாருங்கள். பெட்டியில் வேறு ஒன்றை வையுங்கள்.

இந்தப் பதிலுக்கு ஒரு காரணம் உண்டு. என் சித்தப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று கம்பத்தில் இருக்கிறார். சாயங்காலம் அளவாக ரம் சாப்பிடும் மனிதர். முதல் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது அவருக்காகக் கடையில் இருந்ததிலேயே உசத்தியானதைக் கேட்டு வாங்கினேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதுவே எனக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். சித்தப்பா பாட்டிலைத் தடவித் தடவிப் பார்த்தார், நாலு பேரிடம் காட்டினார், ஷோகேஸில் வைத்தார். அது மே மாதம். தீபாவளிக்குத்தான் திறந்தோம். தண்ணீர் போல இருந்த சாகே மஞ்சளாகியிருந்தது. மோந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, ஊறுகாய் வாடை அடிக்குது?" என்றார்.

அவர் மூக்கு தப்பே செய்யவில்லை. நான் வாங்கியது 'நாமா', அதாவது சூடுகாட்டாத பச்சைச் சாகே. வெயிலில் கெட்டுப்போன சாகேயில் அவர்கள் ஊரின் முள்ளங்கி ஊறுகாய் வாசம் வரும் என்று ஜப்பானியர்களே சொல்வார்கள். அன்றிலிருந்து ஒரு பாட்டிலைப் பரிந்துரைக்கும் முன் ருசியைப் பற்றி யோசிப்பதில்லை. அது நம் வீட்டில் என்ன பாடு படப்போகிறது என்றுதான் முதலில் யோசிக்கிறேன். நம் வீடுகளில் பரிசாக வந்த பாட்டில் அன்றைக்கே திறக்கப்படுவதில்லை. நல்ல நாளுக்காகக் காத்திருக்கும். திறந்த பிறகும் ஒரே மூச்சில் தீராது. மாசக்கணக்கில் அலமாரியில் நிற்கும். இந்த இரண்டையும் தாங்குகிற பானம் எது என்பதுதான் கேள்வி.

சாகே ஏன் தாங்குவதில்லை என்று புரிய, அது எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜப்பானிய மொழியில் 'சாகே' என்றால் பொதுவாக மது; நாம் நினைக்கும் பானத்தை அவர்கள் 'நிஹோன்ஷு' என்பார்கள். 'அரிசி ஒயின்' என்ற பெயர் அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது, புளிக்கவிட்டால் போதும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். இதற்கு ஜப்பான் கண்ட வழி 'கோஜி' என்ற பூசணம். அரிசியை ஆவியில் வேகவைத்து, வெதுவெதுப்பான அறையில் பரப்பி, அதன் மேல் பூசணத்தின் வித்துகளைத் தூவுவார்கள். இரண்டு நாளில் ஒவ்வோர் அரிசியிலும் வெள்ளையாகப் படர்ந்து, வறுத்த வேர்க்கடலைபோல ஒரு வாசம் வரும். அதோடு மேலும் வெந்த அரிசியும் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்து, மூன்று தவணையாகத் தொட்டியில் கூட்டுவார்கள். தொட்டிக்குள் ஒரு பக்கம் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, மறுபக்கம் அதே நேரத்தில் சர்க்கரை மதுவாகிறது. அதனால்தான் காய்ச்சி வடிக்காமலேயே சாகேயில் மதுவின் அளவு 20 சதவீதம் வரை போகிறது. பிறகு தண்ணீர் சேர்த்து 15, 16க்குக் கொண்டுவருவார்கள். சங்கப் பாடல்களில் வரும் தோப்பியும் அரிசிக் கள்தான். நம்மிடம் அது பெரும்பாலும் மறைந்துபோனது. அவர்கள் அரிசி மதுவை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பொறாமை கலந்த மரியாதை உண்டு.

இந்த வேலை பாரம்பரியமாகக் குளிர்கால வேலை. பனி கொட்டும் மாதங்களில், விவசாய வேலை இல்லாத ஆட்கள் 'தோஜி' என்ற தலைமைக் கலைஞரின் கீழ் ஆலைக்கு வந்து தங்கிச் செய்தது. மெதுவாக, குளிரில் புளித்தால்தான் அந்தப் பூவாசமும் பழவாசமும் நிற்கும். உயர்ந்த ரகங்களில் அரிசியை இன்னும் தீட்டுவார்கள். 60 சதவீதமோ அதற்குக் கீழோ மிச்சம் வைத்தால் 'கின்ஜோ', 50 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் 'தைகின்ஜோ'. யமகுச்சி மாநிலத்தின் தஸ்ஸாய் 23 என்ற பெயரிலுள்ள 23, தீட்டிய பிறகு மிஞ்சும் சதவீதம்தான். தீட்டத் தீட்ட வாசம் மெல்லியதாகும், விலை ஏறும், கூடவே சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயப்படும் தன்மையும் ஏறும். நான் சித்தப்பாவுக்குச் செய்தது அதுதான்: அதிகக் காசு கொடுத்து, அதிகம் வாடக்கூடியதை வாங்கினேன்.

அதனால் சாகேயை அதன் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். கோபே பக்கம் நாதா, கியோத்தோவின் தெற்கில் ஃபுஷிமி, ஹிரோஷிமா பக்கம் சாய்ஜோ மூன்றும் பெயர்பெற்ற இடங்கள். நாதாவின் 'மியாமிசு' தண்ணீர் கடினத் தண்ணீர். ஈஸ்ட்டுக்கு வேண்டிய தாதுக்கள் அதில் உண்டு, சாகே விறைப்பாக வரும். ஃபுஷிமியின் தண்ணீர் மென்மை, சாகேயும் மென்மை. நேரம் குறைவாக இருந்தால் நான் சாய்ஜோவைச் சொல்வேன். ரயிலை விட்டு இறங்கி நடக்கும் தூரத்துக்குள் ஏழு ஆலைகள், செங்கல் புகைபோக்கிகள், வெள்ளைச் சுவர்கள். வாசலில் தேவதாரு இலைகளில் கட்டிய பெரிய பந்து தொங்கும். பச்சையாக இருந்தால் புதுச் சாகே வந்திருக்கிறது என்று அர்த்தம். நாளாக ஆக அது பழுப்பாகும்.

இன்னொன்று. சாகேயின் பாதி சுகம் அதன் சூட்டில் இருக்கிறது. ஒரே ஜுன்மாய் சாகேயைக் குளிரவைத்தும், சும்மாவும், 40 டிகிரியில் 'நுருகான்' ஆகவும், 50ல் 'அத்சுகான்' ஆகவும் கேட்கலாம். நாலும் நாலு ருசி. ஜுன்மாய் என்றால் அரிசி, கோஜி, தண்ணீர், ஈஸ்ட் தவிர வெளியிலிருந்து மது சேர்க்காதது. ஜனவரியில் ஒரு சின்னக் கடையில், வேகவைத்த முள்ளங்கியோடு நுருகான் குடித்த அனுபவத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துவர முடியாது. நம் வீட்டு வறுத்த கோழிக்கும் மிளகாய் போட்ட மீனுக்கும் நடுவில் அந்த மெல்லிய வாசம் காணாமல் போய்விடும் என்பதும் உண்மை.

இல்லை, சாகேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: குளிர்பெட்டியில் இருப்பதைத் தொடாதீர்கள். 'நாமா' என்ற சொல் இருந்தால் வைத்துவிடுங்கள். இரண்டு முறை சூடுகாட்டிய சாதாரண ஜுன்மாய் அல்லது, கொஞ்சம் மது சேர்த்துச் செய்யும் ஹொன்ஜோசோ போதும். 1,500 யென் பக்கத்திலேயே நல்லது கிடைக்கும். 300 மில்லி பாட்டிலாக வாங்குங்கள், ஒரே இரவில் தீரும். தயாரித்த மாதம் அச்சிட்டிருந்தால் சமீபத்தியதாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக ஃபிரிட்ஜ். திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இந்த நிபந்தனைகளையெல்லாம் வாங்குகிறவர் காப்பாற்றுவாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே பல வருடம் முதிரவைத்த 'கோஷு' மட்டும் விதிவிலக்கு. அது ஏற்கெனவே பழுப்பாகி, உலர்ந்த பழமும் சோயாவும் கலந்த ஒரு வாசத்துக்கு வந்துவிட்டது.

சரி, அப்படியானால் வேறு எது? என் மனசுக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான். நான் இருந்த ஃபுகுவோகா, ஜப்பானின் தெற்கிலுள்ள கியூஷு தீவில் இருக்கிறது. அது ஷோச்சுவின் நாடு.

ஷோச்சு காய்ச்சி வடித்தது. வழக்கமாக 25 சதவீதம். ரம், விஸ்கியைவிட மெல்லியது, சாகேயைவிடக் கெட்டி. தெற்குக் கியூஷுவில், குறிப்பாகக் ககோஷிமாவில், குளிர்காலமே மிதமானது. சாகே புளிக்கவைப்பது அங்கே பாடாக இருந்தது. நிலமும் எரிமலைச் சாம்பல் மேடு, தண்ணீர் நிற்காது, நெல்லுக்கு ஆகாது. ஆனால் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு அது சொர்க்கம். அதனால் அவர்கள் கிழங்கை வேகவைத்து, புளிக்கவைத்து, வடித்தார்கள். வெயிலில் தொட்டி கெட்டுப்போகாமல் காப்பது கறுப்புக் கோஜியும், அதிலிருந்து பின்னால் கிடைத்த வெள்ளைக் கோஜியும். அவை எலுமிச்சைப் புளிப்பு அமிலத்தைச் சுரந்து கெட்ட கிருமிகளை அண்டவிடாது. வெயில் ஊரில், வெயிலுக்காகவே உருவான முறை இது. கம்பத்து ஷோகேஸுக்கு ஏற்றதை நான் இங்கே தேடியிருக்க வேண்டும்.

ககோஷிமாவில் இசா என்ற ஊரின் ஹச்சிமான் கோயிலில் 1559ல் வேலை செய்த தச்சர்கள் ஒரு மரத்துண்டில் எழுதி மறைத்துவைத்தது பிற்காலத்தில் பழுதுபார்க்கும்போது கிடைத்தது. தலைமைப் பூசாரி மகா கஞ்சன், ஒரு தடவைகூட ஷோச்சு ஊற்றவில்லை என்று புலம்பியிருக்கிறார்கள். 'ஷோச்சு' என்ற சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக அதைத்தான் காட்டுகிறார்கள். அதற்குச் சில வருடம் முன்பு, 1546ல், அதே ககோஷிமாவின் யமகாவா துறைமுகத்துக்கு வந்த போர்த்துகீசியக் கப்பல் தலைவர் ஜார்ஜ் அல்வாரெஸ், இங்கே அரிசியில் செய்த 'ஓராக்கா' குடிக்கிறார்கள் என்று எழுதினார். அது நம் கடற்கரைகளில் புழங்கிய 'அராக்'தான். புதிய ஊரின் மதுவுக்கு, ஏற்கெனவே தெரிந்த சாராயத்தின் பெயரையே வைத்துவிட்டார்.

ஷோச்சுவில் நாலு வகையை மனதில் வைத்தால் போதும். கிழங்கில் செய்த 'இமோ' ககோஷிமாவுடையது. வேகவைத்த சர்க்கரைவள்ளியின் மண்வாசம் தூக்கலாக இருக்கும். பிடித்தால் விடமாட்டீர்கள், பிடிக்காவிட்டால் இரண்டாம் வாய் இறங்காது. முன்பின் தெரியாதவருக்குப் பரிசாக நான் இதை வாங்கமாட்டேன். பார்லியில் செய்த 'முகி' ஒய்தா மாநிலத்திலும் இகி தீவிலும் பெயர்பெற்றது. இகியில் மூன்றில் இரண்டு பங்கு பார்லி, ஒரு பங்கு அரிசிக் கோஜி. வறுத்த தானிய வாசம், யாருக்கும் உறுத்தாது. விஸ்கி குடிப்பவருக்கு நல்ல அறிமுகம். அரிசியில் செய்த 'கோமே' குமாமோத்தோவின் குமா ஆற்றுப் பக்கத்துடையது. சாகே பிடித்து, ஆனால் சாகே எடுத்துப்போக முடியவில்லையே என்று வருந்துபவருக்கு அந்தச் சாயலைத் தரக்கூடியது இதுதான்.

நாலாவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது: 'கொகுதோ ஷோச்சு'. கொகுதோ என்றால் கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்த கறுப்புச் சர்க்கரை. நம் வெல்லமேதான். ககோஷிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவிலிருக்கும் அமாமி தீவுகளில் மட்டும்தான் இதைச் செய்ய அனுமதி. போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த அந்தத் தீவுகள் 1953 டிசம்பரில் ஜப்பானுக்குத் திரும்பின. வெல்லத்தில் வடித்தது சட்டப்படி ரம் கணக்கில் போய் அதிக வரி விழ வேண்டியது. அரிசிக் கோஜி சேர்த்துச் செய்தால் ஷோச்சுவாகவே ஏற்றுக்கொள்கிறோம் என்று அமாமிக்கு மட்டும் சலுகை கொடுத்தார்கள். மூடியைத் திறந்தால் பொங்கலன்று வெல்லப்பாகு காயும் வாசம். நாக்கில் இனிப்பு இல்லை. வடித்த மதுவில் சர்க்கரை மிஞ்சாது. ரம் பழகிய சித்தப்பாவுக்கு இரண்டாவது விடுமுறையில் இதைத்தான் கொண்டுபோனேன். திறந்து, கொஞ்சம் குடித்து, மூடிவைத்து, ஐந்து மாதம் கழித்து நான் மறுபடி போனபோதும் அதே வாசம் இருந்தது. விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷோச்சுவைக் கியூஷுவில் வெந்நீர் கலந்து குடிப்பார்கள். முதலில் வெந்நீர், அதன் மேல் ஷோச்சு, இந்த வரிசை முக்கியம். அப்போதுதான் கிளறாமலே கலக்கும், வாசமும் எழும். ஆறு பங்கு ஷோச்சு, நாலு பங்கு வெந்நீர் என்பது அங்கே வழக்கம். நம் ஊரில் மார்கழி தவிர மற்ற நாளில் ஐஸும் சோடாவும் சரி. கடையில் ஒரு கவனம் வேண்டும்: 'ஹொன்காகு' என்று போட்டிருப்பதுதான் ஒரே முறை வடித்த, மூலப்பொருளின் வாசமுள்ள ஷோச்சு. பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களில் மலிவாக இருப்பது தொடர்ந்து வடித்து வாசமே இல்லாமல் ஆக்கியது, பழச்சாறு கலக்கத்தான் ஆகும்.

ஒகினாவா போகிறவர்களுக்குப் பதில் வேறு. அங்கே அவாமோரி. இதற்குப் பயன்படுவது ஜப்பானின் குட்டை ஒட்டும் அரிசி இல்லை; பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வரும் நீள அரிசி. அத்தனை அரிசியையும் கறுப்புக் கோஜியாக்கி, ஒரே தடவையில் புளிக்கவைத்து வடிப்பார்கள். பொதுவாக 30 சதவீதம். இதன் பெருமை 'குஸு', அதாவது மூன்று வருடத்துக்குக் குறையாமல் முதிர்ந்தது. மண்ஜாடியில் வைத்து, பழையதிலிருந்து எடுத்த அளவுக்கு அதைவிடச் சற்று இளையதை ஊற்றி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவார்கள். ஒகினாவாவின் பழைய தலைநகரான ஷுரியில் நூறு, இருநூறு வருடக் குஸு இருந்திருக்கிறது. 1945ல் ஒகினாவாப் போரில் ஊரோடு அதுவும் அழிந்தது. அந்த மக்கள் மறுபடி ஒன்றாம் வருடத்திலிருந்து ஜாடியை நிரப்ப ஆரம்பித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அந்த பாட்டில் மேல் தனி மதிப்பு வருகிறது.

நம் கேள்விக்கு அவாமோரி நேரடியான பதிலும்கூட, ஏனென்றால் இது பாட்டிலுக்குள்ளேயே முதிரும். ஷோகேஸில் வைத்தே தீருவேன் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெயில் படாத இடமாக மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் ருசி முரட்டுத்தனமானது. குஸு வனிலா, கேரமல் பக்கம் சாய்ந்து இளகியிருக்கும், இளசு அப்படி இருக்காது. எனவே காசு கொஞ்சம் கூடுதலானாலும் குஸு வாங்குங்கள். யோனகுனி தீவின் 'ஹனாஸாகே' 60 சதவீதம், அனுபவசாலிகளுக்கு மட்டும். பாம்பு ஊறவைத்த பாட்டில்களும் கண்ணில் படும். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

உமேஷுவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அது எளிமையான பானம். உமே என்ற, பிளம் போன்ற புளிப்புப் பழத்தின் பச்சைக் காய்களைக் கற்கண்டோடு மதுவில் மாதக்கணக்கில் ஊறவைப்பது. ஜூனில் உமே சந்தைக்கு வந்ததும் ஜப்பானியப் பாட்டிகள் வீட்டிலேயே ஜாடி ஜாடியாகப் போடுவார்கள், நாம் வெயில் காலத்தில் மாங்காய் ஊறுகாய் போடுகிற மாதிரி. இனிப்பும் புளிப்பும், 10 முதல் 15 சதவீதம். மதுவின் காட்டமே பிடிக்காதவர்களுக்கு இது ஏற்றது. பெங்களூரில் இருக்கும் என் அக்கா சோடா ஊற்றிக் குடிப்பார். லேபிளில் 'ஹொன்காகு உமேஷு' என்று இருந்தால் உமே, சர்க்கரை, மது தவிர புளிப்பூட்டியும் செயற்கை வாசமும் சேர்க்கவில்லை. வாகயாமாவின் நான்கோ உமே பெயர்பெற்றது. திறந்த பிறகு ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் நிற்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மட்டும் வாங்காதீர்கள், இனிப்பு நிஜமாகவே அதிகம்.

குடிப்பழக்கமே இல்லாதவருக்கு அரிசிக் கோஜியில் செய்த 'அமாசாகே' இருக்கிறது. பெயரில்தான் சாகே; கோஜி வகையில் மது இல்லை, சர்க்கரை போடாமலேயே பாயசம்போல இனிக்கும். கோஜி என்ன செய்கிறது என்று நாக்கால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எந்த வகை என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சாகே வடிகட்டிய சக்கையில் செய்ததில் கொஞ்சம் மது இருக்கலாம். இன்னோர் எச்சரிக்கை: சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக இருக்கிறதே என்று சமையல் சாகேயை எடுத்துவிடாதீர்கள். அதில் உப்பு போட்டிருக்கும். என் நண்பர் ஒருவர் மூன்று பாட்டில் வாங்கி வந்தார்.

பெட்டிக் கணக்கு இது. இந்தியாவுக்குள் ஒருவர் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். ஜப்பானில் வழக்கமான பாட்டில் 720 மில்லி, அவர்கள் அளவையில் நாலு 'கோ'. மூன்று வாங்கினால் 2,160 ஆகி எல்லை தாண்டிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 24 சதவீதத்துக்கு மேல் 70 வரை உள்ள மதுவை, பிரிக்காத பாட்டிலாக, ஒருவர் 5 லிட்டர் வரை விமானத்தில் கொண்டுபோகலாம் என்பது பொதுவான விதி. ஷோச்சுவும் அவாமோரியும் அதற்குள் அடங்கும். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் கைப்பையில் வைக்காமல், துணி சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம் வேலை விஷயமாக நான் மறுபடி ஃபுகுவோகா போகிறேன். சித்தப்பாவுக்கு அமாமி வெல்லத்து ஷோச்சு 720, ராணுவ நண்பர் ஒருவருக்குக் கொடுக்க அவர் கேட்டிருக்கும் குஸு 720, அக்காவுக்கு உமேஷு 500. மொத்தம் 1,940. சாகேயை ஃபுகுவோகாவின் ஹகாதாவில் இறங்கிய அன்று ராத்திரியே, நுருகானாக, இரண்டு கோ குடித்துவிடுவேன்.